டாமி ஜான் என்பது டாக்டர் பெயர் அல்ல: ஒரு பிட்சரின் முழங்கைக் கதை

அமெரிக்க பேஸ்பால் செய்திகளைப் பார்ப்பவர்கள் கண்ணில் அடிக்கடி படும் சொல் ‘டாமி ஜான் சர்ஜரி’. ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஓட்டானி 2018-லும், மறுபடியும் 2023-லும் முழங்கையில் ஆபரேஷன் செய்துகொண்டபோது உலகம் முழுக்க விளையாட்டுப் பக்கங்களில் இந்தப் பெயர் அடிபட்டது. கிரிக்கெட் மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு வரும் முதல் எண்ணம், டாமி ஜான் ஏதோ பெரிய எலும்பு டாக்டர் என்பதுதான். அவர் டாக்டர் அல்ல, நோயாளி. 26 பருவங்கள் ஆடிய ஒரு பிட்சர்.

குழப்பம் பெயரோடு நிற்பதில்லை. ‘முழங்கையில் எலும்புகளைக் கட்டும் லிகமென்ட் கிழிந்தால் மாற்றிவிடலாம், ஒன்றரை வருடத்தில் திரும்பி வந்துவிடலாம், டாமி ஜானே வந்தாரே’ என்று பயிற்சியாளர்களும் பெற்றோரும் பேசிக்கொள்கிறார்கள். அவர் வந்தது உண்மை. ஆனால் திரும்பி வந்து 14 பருவங்கள் தாக்குப்பிடித்ததற்கு ஆபரேஷன் பாதிக் காரணம்தான். அவர் எப்படிப் பந்து போட்டார் என்பது மீதிப் பாதி. அந்த மீதியை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அதைப் புரிந்துகொள்ள, பிட்சர் என்பவர் என்ன செய்கிறார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## பிட்சர் வேலை

பிட்சர் ஓடிவந்து பந்து போடுவதில்லை. பத்து அங்குல உயரமுள்ள ஒரு சிறு மண்மேட்டில் நின்ற இடத்திலிருந்து, 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பால் இருக்கும் பேட்டரை நோக்கி எறிகிறார். பந்து தரையில் படாமல் போய்ச் சேர வேண்டும்.

கிரிக்கெட்டோடு ஒப்பிட்டால் முக்கிய வித்தியாசம் முழங்கை. கிரிக்கெட்டில் பவுலர் கையை எறிவதுபோல் மடக்கி நீட்டக் கூடாது. 15 டிகிரிவரைதான் சலுகை. முத்தையா முரளிதரனைச் சுற்றி எழுந்த சர்ச்சை நினைவிருப்பவர்களுக்கு இந்த எண் மறந்திருக்காது. பேஸ்பாலில் அப்படி எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. முழங்கையை மடக்கி, தோளைப் பின்னால் முறுக்கி, சாட்டை மாதிரி வீசுவதுதான் அங்கே தொழிலே. கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளரின் முதுகு வாங்கும் அடியை, பேஸ்பாலில் முழங்கையும் தோளும் வாங்குகின்றன.

இனி வரும் கணக்குகளுக்கு நான்கு சொற்கள் தெரிந்திருந்தால் போதும்.

1. இன்னிங்ஸ். எதிரணியில் மூன்று பேர் அவுட் ஆனால் பிட்சர் ஒரு இன்னிங்ஸ் வீசியதாகக் கணக்கு. ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்.
2. வெற்றி. அணி கடைசிவரை விட்டுக்கொடுக்காத முன்னிலையை எடுக்கும்போது களத்தில் இருந்த பிட்சரின் பேரில் அந்த ஆட்டத்தின் வெற்றி எழுதப்படும். ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சர் என்றால் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் வீசியிருக்க வேண்டும். தோல்விக்கும் இதுபோல ஒருவர் பேர் உண்டு. ‘20-7’ என்றால் 20 வெற்றி, 7 தோல்வி.
3. ஈ.ஆர்.ஏ. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் விட்டுக்கொடுத்தார் என்பது. ஃபீல்டர்களின் தவறால் வந்த ரன் இதில் சேராது. 3-க்குக் கீழே இருந்தால் அது அருமையான பருவம்.
4. ஸ்டிரைக்-அவுட். பேட்டர் பந்தைக் களத்துக்குள் அடிக்க முடியாமலேயே அவுட் ஆவது. ஃபீல்டர் உதவி தேவையில்லாத விக்கெட் என்று வைத்துக்கொள்ளலாம்.

## முழங்கையின் உள்பக்கம்

கையைத் தொங்கவிட்டு உள்ளங்கையை முன்பக்கம் திருப்புங்கள். முழங்கையில் உடம்பை ஒட்டிய பக்கத்தில் ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். கதவில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை கரண்ட் அடித்த மாதிரி இழுக்குமே, அந்த இடம். இழுப்பது முண்டுக்குப் பின்னால் ஓடும் அல்னார் நரம்பு. அந்த முண்டிலிருந்து முன்கை எலும்புக்கு இறங்கும் சின்னப் பட்டைதான் யூ.சி.எல். என்ற லிகமென்ட். எலும்பை எலும்போடு கட்டுவது லிகமென்ட். தசையை எலும்போடு கட்டுவது டெண்டன். பேர் இரண்டும் பின்னால் தேவைப்படும்.

பந்தை எறியும்போது நடப்பது இது:

1. கை பின்னால் முழுக்க முறுக்கிக்கொண்டு, முன்னால் திரும்பத் தொடங்கும் நொடியில், முழங்கையின் உள்பக்கம் பிளந்துகொள்ளப் பார்க்கிறது. அதைத் திறக்கவிடாமல் பிடித்திருப்பது யூ.சி.எல்.
2. தோள் முன்னால் சுழலும் வேகம் உச்சத்தில் நொடிக்கு 7,000 டிகிரியைத் தொடும். அந்த வேகம் அப்படியே நீடித்தால் ஒரு நொடியில் கை 19 சுற்றுச் சுற்றிவிடும்.
3. அந்த நேரத்தில் முழங்கையைத் திருகும் விசை சுமார் 64 நியூட்டன்-மீட்டர். இறந்தவர்களின் கைகளில் இந்த லிகமென்ட்டைத் தனியாகச் சோதித்தபோது, ஏறக்குறைய அதில் பாதியிலேயே அது அறுந்தது.

பிறகு ஒவ்வொரு பந்துக்கும் ஏன் அறுவதில்லை? முன்கைத் தசைகளும் எலும்பு அமைப்பும் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்வதால்தான். தசை களைத்தால் பங்கு குறையும். பட்டையின் மேல் சுமை ஏறும். பெரும்பாலும் அது ஒரே பந்தில் அறுவதும் இல்லை. கிணற்றுக் கயிறு மாதிரி இழை இழையாகப் பிரிந்து, கடைசியில் ஒருநாள் விட்டுப்போகிறது.

ஒரு வேடிக்கை: இந்த லிகமென்ட்டே இல்லாமல் ஒருவர் அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீக்கில் ஆடியிருக்கிறார். 1996-ல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி ஆர்.ஏ. டிக்கி என்ற இளைஞருக்கு 8,10,000 டாலர் தருவதாக இருந்தது. பத்திரிகை அட்டைப் படம் ஒன்றில் அவர் கை தொங்கிய விதத்தில் அணியின் உடற்பயிற்சியாளருக்குச் சந்தேகம். சோதித்தால் யூ.சி.எல். இருந்த இடமே காலி. தொகை 75,000 டாலராகச் சுருங்கியது. அவர் பிற்பாடு, வேகமே தேவையில்லாத ‘நக்கிள்பால்’ என்ற ஆடிக்கொண்டே வரும் மெதுவான பந்தைக் கற்று, 2012-ல், மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கினார்.

## 1974-க்கு முன்னால்

அந்தக் காலத்தில் இந்தக் காயத்துக்குத் தெளிவான பெயர்கூடக் கிடையாது. ‘டெட் ஆர்ம்’, அதாவது கை செத்துப்போச்சு என்பார்கள். ஓய்வு, ஐஸ், வீக்கத்தைக் குறைக்கும் கார்டிசோன் ஊசி. அதற்கும் அடங்கவில்லை என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் சாண்டி கோஃபாக்ஸ் 1966-ல் 27 வெற்றி, 1.73 ஈ.ஆர்.ஏ. என்று உச்சத்தில் இருந்தவர். முழங்கை மூட்டுத் தேய்மானத்தால் அந்தப் பருவம் முடிந்ததும் விலகினார். வயது 30. அவருடையது வேறு வகைக் கோளாறு என்றாலும், முழங்கை போனால் வாழ்க்கை போச்சு என்பதற்கு அவர்தான் எல்லோரும் சொல்லும் உதாரணம்.

## டாமி ஜான், முதல் பாதி

இந்தியானா மாநிலத்தின் டெர்ரி ஹோட் ஊரில் 1943 மே 22 அன்று பிறந்தவர் டாமி ஜான். இடக்கைக்காரர். 1963-ல் கிளீவ்லாந்து அணியில் தொடக்கம். அங்கே இரண்டு பருவத்தில் மொத்தம் 2 வெற்றி, 11 தோல்வி. 1965-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு மாற்றப்பட்ட பிறகுதான் நிமிர்ந்தார். 1968-ல் ஈ.ஆர்.ஏ. 1.98. அந்த ஆகஸ்டில் டெட்ராய்ட் ஆட்டக்காரர் டிக் மெக்காலிஃப் மேட்டை நோக்கிப் பாய்ந்துவர, கைகலப்பில் ஜானின் தோள் அடிபட்டு அந்தப் பருவம் அதோடு முடிந்தது.

1971 டிசம்பரில் டாட்ஜர்ஸ் அணி தன்னுடைய பெரிய அடிகாரரான டிக் ஆலனைச் சிகாகோவுக்குக் கொடுத்து ஜானை வாங்கியது. ஆலன் என்ற பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டாட்ஜர்ஸில் 1972-ல் 11-5, 1973-ல் 16-7, 1974-ல் ஜூலை நடுவுக்குள் 13-3.

அவருடைய ஆயுதம் சிங்கர். நேராக வருவதுபோல் வந்து பேட்டரின் அருகில் சட்டென்று தாழும் பந்து. பேட்டர் பந்தின் நடுவில் அடிப்பதாக நினைத்து மேல்பாதியில் அடிப்பார். பந்து தரையோடு உருளும். பேட்டர் ஓடிச் சேர வேண்டிய முதல் இடமான முதல் பேஸுக்கு, அவர் போய்ச் சேரும்முன் உள்வட்ட ஃபீல்டர் பந்தை எறிந்தால் அவுட். வேகத்துக்குப் பெயர்போனவர் அல்ல ஜான். தாழ்வாகப் போடுவது, மூலையில் போடுவது, மிச்சத்தை ஃபீல்டர்களிடம் விட்டுவிடுவது. ஸ்டீவ் கார்வி, டேவி லோப்ஸ், பில் ரஸ்ஸல், ரான் சே என்று டாட்ஜர்ஸில் உள்வட்டம் அப்போதுதான் செட் ஆகிக்கொண்டிருந்தது. சிங்கர் பிட்சருக்கு அது குலதெய்வம் வாய்த்த மாதிரி.

## 1974 ஜூலை 17

டாட்ஜர் ஸ்டேடியத்தில் மான்ட்ரியால் எக்ஸ்போஸுடன் ஆட்டம். ஒரு சிங்கர் போடும்போது இடது முழங்கையில் ஏதோ விட்டுப்போனது. இன்னொரு பந்தும் போட்டுப் பார்த்தார். பந்து எங்கேயோ போயிற்று. யாரும் கூப்பிடும்முன் தானாகவே மேட்டைவிட்டு இறங்கி நடந்தார். யூ.சி.எல். அறுந்துபோயிருந்தது.

அணியின் டாக்டர் ஃபிராங்க் ஜோப். முதலில் ஓய்வு கொடுத்துப் பார்த்தார். பலிக்கவில்லை. ஒரு டெண்டனை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் பொருத்துவது அவருக்குப் புதிதல்ல. போலியோவால் செயலிழந்த கைகளுக்கு அந்த வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. ஆனால் அப்படிச் சரிசெய்த கை கரண்டி பிடித்தால் போதும். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பந்து எறியத் தேவையில்லை. எறியும் கையில் இதை யாரும் செய்து பார்த்ததில்லை. ஜானிடம் ஜோப் சொன்ன வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று. செய்யாமல் விட்டால் அந்த ஒன்றும் இல்லை.

1974 செப்டம்பர் 25 அன்று ஆபரேஷன். கை அறுவைச் சிகிச்சை நிபுணர் ஹெர்பர்ட் ஸ்டார்க்கும் உடனிருந்தார். நடந்தது இதுதான்:

1. வலது முன்கையிலிருந்து பால்மாரிஸ் லாங்கஸ் என்ற மெல்லிய தசையின் டெண்டனை எடுத்தார்கள்.
2. இடது முழங்கையில், மேல்கை எலும்பிலும் முன்கை எலும்பிலும் துளைகள் போட்டார்கள்.
3. டெண்டனை அந்தத் துளைகளின் வழியே எட்டுப் போட்டாற்போலக் கோத்து இழுத்துக் கட்டினார்கள். கயிற்றுக் கட்டில் பின்னுகிற மாதிரி.

வலது கையிலிருந்து எடுத்துவிட்டால் அந்தக் கை என்னாகும் என்ற கேள்வி நியாயமானது. ஒன்றும் ஆகாது. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் தொடவைத்து மணிக்கட்டை லேசாக மடக்கிப் பாருங்கள். நடுவில் கம்பி மாதிரி எழும்புவதுதான் அது. எழும்பவில்லை என்றாலும் பயப்பட வேண்டாம். ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்கு அது பிறவியிலேயே இருப்பதில்லை. இருப்பவர்களுக்கும் அதனால் பெரிய உபயோகமில்லை. இல்லாத பிட்சர்களுக்கு இன்று தொடையிலிருந்து ஒரு டெண்டனை எடுக்கிறார்கள்.

## காணாமல்போன வருடம்

ஆபரேஷன் முடிந்ததும் கை சரியாகவில்லை. அல்னார் நரம்பு பாதிக்கப்பட்டு விரல்கள் கொக்கி மாதிரி மடங்கிக்கொண்டன. முண்டுக்குப் பின்னால் ஓடுவதாகச் சொன்னோமே, அதே நரம்புதான். டிசம்பரில் இரண்டாவது ஆபரேஷன் செய்து அதைச் சரிப்படுத்தினார்கள். கையில் உணர்வு வர மாதக்கணக்கானது.

இவ்வளவு காலம் எடுப்பதற்கு இன்னொரு காரணம் உடலியல். பொருத்திய டெண்டன் முதலில் உயிரோட்டமில்லாத ஒரு துண்டுதான். மெல்ல மெல்ல ரத்தக் குழாய்கள் உள்ளே வளர்ந்து, புதுச் செல்கள் குடியேறி, அது லிகமென்ட்டாகவே மாறுகிறது. இந்த மாற்றத்தை எந்தப் பயிற்சியாலும் அவசரப்படுத்த முடியாது. இன்றும் பிட்சர்கள் 12 முதல் 18 மாதம் காத்திருப்பது இதனால்தான்.

1975 பருவம் முழுக்கப் போயிற்று. டாட்ஜர்ஸ் அணியில் மைக் மார்ஷல் என்ற பிட்சர் இருந்தார். 1974-ல் 106 ஆட்டங்களில் வீசி சை யங் விருது வாங்கியவர். உடல் அசைவுகளைப் பற்றிய படிப்பில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். உடலைத் தேவையில்லாமல் திருகாமல் நேராக இலக்கை நோக்கி வீசும் முறையை அவர் ஜானுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆபரேஷனைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கையை மட்டும் மாற்றிக்கொண்டு அவர் வரவில்லை, வீசும் முறையையும் திருத்திக்கொண்டு வந்தார்.

## இரண்டாம் பாதி

1976-ல் திரும்பினார்: 207 இன்னிங்ஸ், 10-10. சுமாரான கணக்கு மாதிரித் தெரியும். நூற்றுக்கு ஒன்று என்று சொல்லப்பட்ட கையில் 207 இன்னிங்ஸ் என்று படித்தால் வேறு மாதிரித் தெரியும். 1977-ல் 20-7, சை யங் வாக்கெடுப்பில் ஸ்டீவ் கார்ல்ட்டனுக்கு அடுத்த இடம். 1978-ல் 17-10. பிறகு நியூயார்க் யாங்கீஸ் அணியில் 1979-ல் 21-9, 1980-ல் 22-9. ஆபரேஷனுக்கு முன் ஒரு முறைகூட 20 வெற்றியைத் தொடாதவர், பின்னால் மூன்று முறை தொட்டார்.

பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் மட்டும் கடைசிவரை கைக்கு வரவில்லை. 1977, 1978 இரண்டிலும் டாட்ஜர்ஸ் பக்கம் நின்று யாங்கீஸிடம் தோற்றார். 1981-ல் யாங்கீஸ் பக்கம் நின்று டாட்ஜர்ஸிடம் தோற்றார். அந்தத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், ஸ்கோர் 1-1 என்று இருக்கையில், மேனேஜர் பாப் லெமன் நான்காவது இன்னிங்ஸில் ஜானுக்குப் பதில் வேறொருவரை பேட் பிடிக்க அனுப்பினார். விதிப்படி ஜான் திரும்ப வீச முடியாது. டாட்ஜர்ஸ் 9-2 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ், ஓக்லாந்து, மறுபடி யாங்கீஸ். 1988 ஜூலையில் மில்வாக்கியுடன் நடந்த ஆட்டத்தில் ஒரே பந்துக்குப் பின் மூன்று பிழை செய்த பெருமையும் அவருக்கு உண்டு: உருண்டு வந்த பந்தைத் தவறவிட்டார், எடுத்துத் தப்பாக எறிந்தார், ஃபீல்டர் திருப்பி எறிந்ததைக் குறுக்கே பிடித்து மறுபடியும் தப்பாக எறிந்தார். அந்த ஆட்டத்தை யாங்கீஸ் 16-3 என்று ஜெயித்ததால் எல்லோரும் சிரிக்க முடிந்தது. 1989-ல், 46 வயதில் விலகினார். தன் பல் டாக்டரின் மகன் மார்க் மெக்வையர் தன் பந்தை அடிக்கத் தொடங்கியதும் கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று புரிந்ததாகப் பிற்பாடு வேடிக்கையாகச் சொன்னார்.

மொத்தக் கணக்கு: 288 வெற்றி, 231 தோல்வி, 3.34 ஈ.ஆர்.ஏ., 4,710 இன்னிங்ஸ். வெற்றிகளில் 124 ஆபரேஷனுக்கு முன், 164 பின்.

## எந்தக் கை தாங்கியது?

இந்த 164 என்ற எண்தான் ஆபரேஷனுக்குச் சான்றிதழாக எங்கும் காட்டப்படுகிறது. அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய எண் 2,245. வாழ்நாள் முழுக்க அவர் எடுத்த ஸ்டிரைக்-அவுட். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 4.3. இன்று மேஜர் லீக்கின் சராசரியே எட்டுக்கு மேல். அதாவது ஜான் யாரையும் வேகத்தால் திணறடிக்க முயலவில்லை. பேட்டரை அடிக்கவிட்டார், தரையில் அடிக்கவிட்டார். ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு எறிய வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அதனால்தான் 1979-ல், 36 வயதில், ஒட்டுப்போட்ட முழங்கையோடு 276 இன்னிங்ஸ் வீச முடிந்தது. 2024-ல் இரண்டு லீக்கிலும் சேர்த்து 200 இன்னிங்ஸைத் தொட்டவர்களே நான்கு பேர்தான்; அதிகபட்சம் சியாட்டிலின் லோகன் கில்பர்ட் வீசிய 208.

இந்த ஒப்பீட்டில் ஒரு எச்சரிக்கை வேண்டும். இன்று குறைவாக வீசுவதற்குக் காயம் மட்டும் காரணமில்லை; மூன்றாம் முறை அதே பேட்டரைச் சந்திக்கும்முன் பிட்சரை மாற்றுவது இன்றைய அணிகளின் உத்தி. ஆனால் குறைவாக வீசியும் காயம் கூடியிருக்கிறது என்பதுதான் இங்கே பிடிபடாத முடிச்சு.

## ஒரு ஆபரேஷன் வழக்கமான கதை

ஜோப் உடனே வரிசையாகச் செய்யவில்லை. ஜானுக்குப் பின் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட பிட்சர் பிரென்ட் ஸ்டிராம், 1978-ல். அவரால் மேஜர் லீக்குக்குத் திரும்ப முடியவில்லை. 1986-ல் ஜோப் தன் முதல் 16 விளையாட்டு வீரர்களின் முடிவுகளை மருத்துவ இதழில் வெளியிட்டார். பழைய நிலைக்குத் திரும்பியவர்கள் 10 பேர். நரம்பை இடம் மாற்றாமல் விடுவது, தசையை வெட்டாமல் பிரித்து உள்ளே போவது என்று முறை மெருகேறியது. இன்று மேஜர் லீக் பிட்சர்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் மீண்டும் களத்துக்கு வருகிறார்கள். மேஜர் லீக் பிட்சர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் முழங்கையில் இந்தத் தழும்போடு இருக்கிறார்.

ஓட்டானியின் இரண்டு ஆபரேஷனையும் செய்த நீல் எலட்ராஷ், ஜோப் உருவாக்கிய மருத்துவமனை வழியில் வந்தவர். ஓட்டானி வலக்கையில் எறிகிறார், இடப்பக்கம் நின்று பேட் பிடிக்கிறார். அடிப்பதற்கு யூ.சி.எல். மேல் எறிவதைப்போல் சுமை விழாது. ஆகவே 2024-ல் ஒரு பந்துகூட வீசாமல் பேட்டராக மட்டும் ஆடி 54 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி), 59 பேஸ் திருட்டு (பந்து அடிக்கப்படாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது). மேட்டுக்குத் திரும்பியது 2025 ஜூனில். ‘கை ஒடிந்தவர் எப்படி ஆடுகிறார்?’ என்று அந்தப் பருவம் முழுக்கக் கேட்டவர்களுக்கு விடை இதுதான்.

## ஏன் கூடுகிறது?

2024 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகமே பிட்சர் காயங்களைப் பற்றி ஒரு நீண்ட அறிக்கை வெளியிட்டது. மேஜர் லீக்கிலும் அதற்குக் கீழ்நிலையான மைனர் லீக்குகளிலும் சேர்த்து இந்த ஆபரேஷன் 2010-ல் 104, 2024-ல் 281. அந்த அறிக்கையும் மற்ற ஆய்வுகளும் காட்டும் காரணங்கள் சங்கிலி மாதிரி ஒன்றையொன்று இழுக்கின்றன.

1. வேகம். நேராக வீசும் ஃபாஸ்ட்பாலின் சராசரி வேகம் 2008-ல் மணிக்கு 91.3 மைல், 2024-ல் 94.2. கிலோமீட்டரில் 147-லிருந்து ஏறத்தாழ 152. சராசரியே இது என்பதைக் கவனிக்க வேண்டும்.
2. தசை வளரும், லிகமென்ட் வளராது. ஜிம்மில் தோளையும் தொடையையும் பலப்படுத்தி வேகத்தைக் கூட்டலாம். யூ.சி.எல். பட்டையை அந்த அளவுக்குப் பருக்கவைக்கப் பயிற்சி எதுவும் இல்லை. என்ஜினை மாற்றிவிட்டுப் பழைய பிரேக் ஒயரோடு ஓட்டுவதுதான்.
3. சுழற்சி. அதிவேகக் கேமராக்கள் ஒவ்வொரு பந்தின் சுழற்சியையும் வளைவையும் எண்ணாக்கிக் கொடுக்கின்றன. அந்த எண்ணைக் கூட்ட, ஒவ்வொரு பந்திலும் விரலும் முன்கையும் உச்ச முயற்சி செய்ய வேண்டியிருக்கிறது.
4. ஓய்வுப் பந்து இல்லை. கடைசி வரிசை பேட்டருக்குக் கொஞ்சம் மெதுவாகப் போட்டுக் கையை மிச்சப்படுத்துவது பழைய பிட்சர்களின் வழக்கம். ஐந்து இன்னிங்ஸில் மாற்றிவிடுவார்கள் என்று தெரிந்தால் மிச்சப்படுத்துவானேன்?
5. சம்பளம். வேகமாக வீசுகிறவருக்குத்தான் ஒப்பந்தம். காயத்தின் விலை ஒன்றரை வருடம். வேகம் இல்லாமையின் விலை வேலையே. அந்தக் கணக்கில் முழங்கையைப் பணயம் வைப்பது முட்டாள்தனம் இல்லை.

ஐந்தாவதுதான் மற்ற நான்கையும் ஓட்டுகிறது என்று தோன்றுகிறது. ஆபரேஷன் இவ்வளவு நன்றாக வேலை செய்யாமல் இருந்திருந்தால் இந்தப் பணயத்தை வைக்கப் பலரும் தயங்கியிருப்பார்கள். ஜோப்பின் வெற்றிக்கு இப்படி ஒரு பின்விளைவு வரும் என்று 1974-ல் யார் நினைத்திருப்பார்கள்? போதாதற்கு, மறுபடி ஒட்டிய கையும் அதே வேகத்தில்தான் எறியப்படுகிறது. இரண்டாவது முறை ஆபரேஷன் மேஜைக்குப் போகிறவர்களின் கதை அதிகமாகக் காதில் விழுவது இதனால்தான். ஜான் தன் புதுப் பட்டையிடம் பழைய வேலையை, அதுவும் குறைத்துக்கொண்டு, கேட்டார். இன்றைய பிட்சர் புதுப் பட்டையிடம் முன்னைவிட அதிகமாகக் கேட்கிறார்.

## பள்ளிப் பிள்ளைகளின் முழங்கை

விஷயத்தின் மோசமான பகுதி இது. 2007 முதல் 2011 வரை அமெரிக்காவில் நடந்த இந்த ஆபரேஷன்களை ஆராய்ந்து 2015-ல் வெளிவந்த ஆய்வின்படி, செய்துகொண்டவர்களில் 56.8 சதவீதம் பேர் 15 முதல் 19 வயதுக்காரர்கள். வளரும் எலும்பு, வருடம் முழுக்க ஆட்டம், வார இறுதிப் போட்டிகள், வேகத்தை அளக்கும் கருவியோடு வேலிக்குப் பின்னால் நிற்கும் தேர்வாளர்கள்.

இதில் ஒரு மூடநம்பிக்கையும் சேர்ந்துகொண்டது: ஆபரேஷன் செய்தால் முன்னைவிட வேகமாக எறியலாம் என்பது. 2012-ல் வெளியான ஒரு கருத்துக்கணிப்பில், காயம் இல்லாவிட்டாலும் திறனைக் கூட்ட இதைச் செய்யலாம் என்று பள்ளி ஆட்டக்காரர்களில் 51 சதவீதம் பேர் சொன்னார்கள். பெற்றோரில் 37 சதவீதம். ஒட்டுப்போட்ட டெண்டன் வேகத்தைக் கூட்டாது. சிலர் திரும்பி வந்தபின் முன்னைவிட வேகமாக எறிவது, ஒன்றரை வருடம் ஒழுங்காகச் செய்த உடற்பயிற்சியால். பதின்வயதுப் பையன் என்றால் அதற்குள் அவன் வளர்ந்தும் இருப்பான்.

2014-ல் மேஜர் லீக்கும் யு.எஸ்.ஏ. பேஸ்பால் அமைப்பும் வயதுவாரியாக ஒரு நாளைக்கு வீசக்கூடிய பந்துகளுக்கு வரம்பு வகுத்தன: 9-10 வயதுக்கு 75, 11-12 வயதுக்கு 85, 13 முதல் 16 வரை 95, 17-18 வயதுக்கு 105. ஏட்டளவில் நல்ல விதி. ஆனால் அது ஒரு அணிக்குள் எண்ணுகிறது. சனிக்கிழமை பள்ளிக்கும் ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்கும் வீசும் பையனின் பந்துகளைச் சேர்த்து எண்ண அவன் வீட்டாரைத் தவிர ஆள் கிடையாது. தன் பெயர் தாங்கிய ஆபரேஷன் பிள்ளைகளுக்கு இவ்வளவு நடப்பது தனக்கு வருத்தம் தருகிறது என்று டாமி ஜானே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

## ஹால் ஆஃப் ஃபேம் கணக்கு

நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனில் இருக்கும், பேஸ்பாலின் புகழ்மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போக, பத்திரிகையாளர்களின் வாக்கில் 75 சதவீதம் வேண்டும். ஜானின் பெயர் 1995 முதல் 2009 வரை 15 முறை வாக்குச்சீட்டில் இருந்தது. கடைசி முறை கிடைத்த 31.7 சதவீதம்தான் அதிகபட்சம்.

எதிர்வாதம் எளிது. எந்தப் பருவத்திலும் அவர் லீக்கின் முதல் பிட்சராக இருந்ததில்லை. சை யங் விருது ஒன்றுகூட இல்லை. நீண்ட நாள் ஆடிச் சேர்த்த வெற்றிகள் என்பார்கள். பேஸ்பாலில் 300 வெற்றி என்பது ஏறத்தாழ நுழைவுச்சீட்டு மாதிரி. ஜானுக்கு 12 குறைவு. 1974-ல் 13-3 என்று ஓடிக்கொண்டிருந்தவர் இழந்தது ஒன்றரைப் பருவம். அதில் 12 வெற்றி வந்திருக்காதா என்று கேட்டால், வந்திருக்கும் என்றுதான் எந்தக் கணக்கும் சொல்லும். எந்த ஆபரேஷனால் பெயர் நிலைத்ததோ, அதற்குக் கொடுத்த காலம்தான் அந்தக் கதவை அடைத்தது.

2013-ல் கூப்பர்ஸ்டவுன் விழாவில் டாக்டர் ஜோப்பைக் கௌரவித்தார்கள். ஜானும் போயிருந்தார். ஜோப் 2014 மார்ச்சில் இறந்தார்.

பத்திரிகையாளர்கள் கைவிட்டவர்களைப் பின்னாளில் பரிசீலிக்க 16 பேர் கொண்ட குழுக்கள் உண்டு. 12 வாக்கு வேண்டும். 2024 டிசம்பரில் கூடிய குழுவின் பட்டியலில் ஜான் இருந்தார். அவருக்கு 7 வாக்கு விழுந்தது. அதே பட்டியலில் 13 வாக்கு பெற்று உள்ளே போனவர், நான்கு வருடம் முன்பே இறந்துவிட்ட டிக் ஆலன். 1971-ல் ஜானை வாங்க டாட்ஜர்ஸ் கொடுத்த அதே ஆலன்.